சாகாத வேடங்கள்

என் நாத்தூன் எமரன்சி
ஜெர்மனியில் ஒரு பழைய அரங்கத்தில்
அறுபத்தொரு தடவை செத்திருக்கிறாள்.
இருமிச் செத்தது மட்டும் இருபத்திரண்டு.
மீதி கத்தி, விஷம், ஒருமுறை பனியில் விறைத்து.
கணக்கு வைத்தவள் நான்.
ஐஸ் கம்பெனியில் கட்டி எண்ணுகிறவளுக்கு
எண்ணாமல் இருக்க வராது.

பூத்துறைக் கோயில் பாடகர் குழுவில்
அவள் முதல் குரல், நான் இரண்டாம் குரல்.
ஆனி மாதம் கரண்டு போய், மைக் செத்து,
கடல் மதில்வரை ஏறி வந்த ஞாயிறுகளில்
சாமியாரின் வாய் அசைவது மட்டும் தெரியும்.
எமரன்சியின் குரல்
அலைக்கு ஒரு சாண் மேலே போகும்.
மணலில் சீட்டுப் போட்டவர்கள்
சீட்டை மடக்கிவிட்டு உள்ளே வந்ததுண்டு.
ததேயு அப்படி வந்தவர்தான்.
தங்கச்சியைக் கேட்க வந்து
பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

நர்ஸ் வேலைக்குத்தான் போனாள்.
பாட ஆள் தேர்வு என்று சுவரில் பார்த்து
வார்டுச் செருப்போடு போய் நின்றாளாம்.
மனப்பாடமாகத் தெரிந்த லத்தீன்
இறந்தோர் பூசைப் பாட்டு ஒன்றுதான்.
எங்கே படித்தாய் என்றார்கள்.
கரண்டு இல்லாத இடத்தில் என்றாளாம்.

நாலு வருஷம் கூட்டத்தில் ஒருத்தி:
கன்னியாஸ்திரி, சந்தைக்காரி, அடிமைப்பெண்.
எட்டாம் வருஷம் முதல் சாவு.
"சாவுறது லேசு மைனி,
செத்த உடனே எழும்பி
சிரிச்சிட்டுக் கும்பிடணும், அதான் பாடு."
வீடியோ அனுப்புவாள். எனக்குப் பாஷை புரியாது.
எந்த இடத்தில் மூச்சு எடுத்தாள் என்பது புரியும்.

அவள் செத்துச் செத்து அனுப்பிய காசில்
ஆழ்கடல் படகொன்றில் பங்கு வாங்கினோம்.
அந்தப் படகில்தான் போனார்.

கார்த்திகையில் புயல்.
பதினோரு பேர். ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை.
போனில் நான்தான் சொன்னேன், ரெண்டே வரி:
படகு வரல்ல. உங்க அண்ணனும் வரல்ல.
அந்தப் பக்கம் முகத்துக்குச் சாயம் பூசி முடித்திருந்தார்கள்.
"மணி அடிச்சிட்டு மைனி,
செத்து முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்."
அதுதான் அறுபத்தொன்று.

பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தாள்.
கோயில் முற்றத்துப் பந்தலில்
பெண்களுக்கெல்லாம் தொண்டை கிழிந்திருந்தது.
இவள் கழுத்தில் துணி சுற்றி
வெந்நீர்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இருந்தாள்.
"மேடையில நல்லா அழுவாளாமே" என்றாள் ஒருத்தி.
நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.
குரலைக் காக்கப் பழகிய உடம்பு
அவள் சொல் கேட்கவில்லை என்பது
அப்போது எனக்குத் தெரியாது.

ராத்திரி தூண்டில் வளைவின் கடைசிக் கல்வரை போனாள்.
விழுந்துவிடுவாளோ என்று பின்னால் போனேன்.
துணியை அவிழ்த்தாள். ததேயுண்ணா என்று
கத்தினாள். மறுபடியும். மறுபடியும்.
அதில் சுரம் இல்லை.
பழக்கதோஷம், நான்
என் இரண்டாம் குரலை எங்கே வைப்பதென்று தேடினேன்.
இடம் கிடைக்கவில்லை.
பிறகு நானும் கத்தினேன்.

விடிந்ததும் எச்சிலில் ரத்தம்.
அந்த ஊர் டாக்டர் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள்:
நண்டுச் சதைபோல் வெளுத்த இரண்டு மடிப்பு,
ஒன்றில் சிவப்பாக ஒரு கோடு.
ஆறு மாசம் பேச்சில்லை, எழுத்துதான்.
அதன்பிறகு உச்சிக்கு அவள் ஏறவேயில்லை.

இப்போது அவளுக்குச் சாகாத வேடங்கள்.
அம்மா, வேலைக்காரி, கடிதம் கொண்டுவருகிறவள்.
சம்பளம் பாதி.
கடைசிக் காட்சிக்கு முன்னாலேயே
முகம் கழுவி பஸ் பிடித்துவிடுவாளாம்.

போன வாரம் கூப்பிட்டாள்.
"புது வேடம் மைனி. ஆள் செத்த சேதியை
வந்து சொல்லணும். ரெண்டே வரி."
எப்படிச் சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"உங்க குரல்ல" என்றாள்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தான்.
நாற்பது கட்டி, தேங்காய்ப்பட்டணத்துக்கு.
எண்ணும்போது இருபதில் விட்டுப்போய்
முதலிலிருந்து எண்ணினேன்.